சொல் முந்தியா, மெட்டு முந்தியா?

சென்ற வருட மீலாத் விழாப் போட்டியில் எங்கள் குழு பாடிய இஸ்லாமிய கீதத்தைக் கேட்டவர்கள் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். மறக்க முடியாதபடிதான் பாடினோம். சொற்களை நாங்களே எழுதினோம். மெட்டை மட்டும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு சினிமாப் பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டோம். முதல் இரண்டு அடிகளும் நன்றாகவே போயின. மூன்றாவது அடியில் அல்லாஹ்விடம் நேர்வழியைக் கேட்கிறோம். அந்த இடத்தில் சினிமா மெட்டு மேலே ஏறி, ஓர் எழுத்தில் நின்று நீளுகிறது. அது நின்ற எழுத்து 'வ'. எங்கள் பக்கத்துப் பேச்சில் ழகரம் ளகரமாகிவிடுவது தெரிந்ததுதான். ஆக, ஐந்து பேர் ஒன்றுசேர்ந்து, உச்சக் குரலில், நேர் 'வாளி' கேட்டோம். பின்வரிசையில் இருந்த ஒரு தங்கச்சி "கிணத்தடியில இருக்கு" என்றாள். மண்டபமே சிரித்தது.

நடுவர்களில் ஒருவர், மெட்டு சொல்லைத் தின்றுவிட்டது என்று மட்டும் சொன்னார். வீட்டில் வாப்பா சிரிக்கவில்லை. "துஆவை விளையாட்டாக்கிட்டீங்களே மகள்" என்றார். எங்கள் வீட்டில் பாட்டுக்கு அனுமதி கிடைப்பதே அதன் சொல்லுக்காகத்தான். அந்தச் சொல்லே கெட்டுப்போனால், அடுத்த வருடம் பாடப் போகிறேன் என்று நான் எந்த முகத்தோடு கேட்பது?

மேலைத்தேய சங்கீதத்தைப் பாடமாக எடுத்துப் படிக்கும் என் மாமி மகளிடம் இதைச் சொல்லி அழுதபோது, அவள் ஒரு சீனப் பாட்டைக் கேட்கத் தந்தாள். "இவர்களுக்கு உங்களைவிடப் பெரிய பிரச்சினை இருந்தது, கேட்டுப் பார்" என்றாள். ஒரு குரல், ஒரு பியானோ, வேறொன்றும் இல்லை. ஒரு சொல்கூட விளங்காமலே மூன்று தடவை கேட்டேன். இந்தக் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்கியது.

அந்த வகைப் பாட்டைக் கலைப்பாடல் என்கிறார்கள். அதன் பிறப்பிடம் சீனா அல்ல, ஐரோப்பா. ஒரு கவிஞர் முன்னரே எழுதிவைத்த கவிதையை எடுத்து, இசையமைப்பாளர் அதற்கென்று மெட்டு அமைப்பார். ஒருவர் பாடுவார், ஒருவர் பியானோ வாசிப்பார். பியானோ வெறும் துணைக்கு நிற்பதில்லை. கவிதையின் ஒரு பங்கை அதுவும் சொல்லும். வியன்னாவில் வாழ்ந்த பிரான்ஸ் ஷூபெர்ட் 1797இல் பிறந்து 1828இல் இறந்தார். அந்த 31 வருட வாழ்வில் 600க்கும் மேற்பட்ட பாடல்களுக்கு இசையமைத்தார். ஜேர்மன் கவிஞர் கோத்தே எழுதிய ஒரு கவிதையில், நோயுற்ற மகனை அணைத்தபடி ஒரு தகப்பன் இரவில் குதிரையை விரட்டிச் செல்கிறான். 1815இல் ஷூபெர்ட் அதற்கு இசையமைத்தபோது குதிரைக் குளம்பொலியைப் பியானோவிடம் கொடுத்துவிட்டார். பாடகர் குதிரையைப் பற்றி வாய் திறக்காத இடத்திலும் குதிரை ஓடிக்கொண்டே இருக்கும்.

இந்த வடிவம் சீனாவுக்குள் ஒரே நாளில் நுழையவில்லை. முதலில் நடந்தது நாங்கள் செய்த வேலைதான்: அந்நிய மெட்டில் சொந்தச் சொல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனாவில் புதிய பாடசாலைகள் திறக்கப்பட்டபோது பிள்ளைகள் பாடப் பாட்டு வேண்டியிருந்தது. யப்பானிலிருந்தும் மேற்கிலிருந்தும் மெட்டுகளை எடுத்துச் சீனச் சொற்களை இட்டார்கள். டோக்கியோவில் படித்துத் திரும்பிய லீ ஷுடோங் 1915இல் எழுதிய பிரிவுப் பாட்டு அவற்றுள் பெயர்பெற்றது. அதன் மெட்டு ஜோன் ஓர்ட்வே என்ற அமெரிக்கருடையது. யப்பானில் அதற்கு யப்பானியச் சொல் இட்டுப் பாடியிருந்தார்கள். அங்கிருந்து அது சீனாவுக்கு வந்தது. இன்றும் சீனப் பிள்ளைகள் பாடசாலையை விட்டுப் பிரியும்போது அதைப் பாடுகிறார்கள். இரவல் மெட்டில் பாடினாலே பாட்டு கெட்டுவிடும் என்று சொல்ல முடியாது என்பதற்காகத்தான் இதை இங்கே எழுதுகிறேன். எங்களுக்கு அது கைகூடவில்லை, அவ்வளவுதான்.

1927இல் ஷங்காயில் தேசிய இசைக் கல்லூரி தொடங்கியது. அதை நிறுவியவர்களுள் ஒருவரான சியாவ் யூமெய், ஜேர்மனியின் லைப்சிக் நகரில் இசை கற்றுத் திரும்பியவர். அந்தக் காலத்துச் சீனக் கவிஞர்கள் பழைய இலக்கிய நடையை விட்டுப் பேச்சுமொழியில் கவிதை எழுதத் தொடங்கியிருந்தார்கள். புதிய கவிதைக்குப் புதிய மெட்டு தேவைப்பட்டது. அதைக் கொடுத்தவர்களுள் எனக்குப் பிடித்தவர் சாவ் யுவென்ரென்.

இவர் முழுநேர இசைக்காரர் அல்லர். அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்து, ஹாவர்டில் தத்துவத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, பிறகு சீனமொழியின் ஒலிகளை ஆராய்ந்த மொழியியலாளர். 1892இல் பிறந்தவர். எங்கள் மாவட்டத்துக்குத் தெற்கே காரைதீவில் சுவாமி விபுலாநந்தர் பிறந்ததும் அதே 1892இல்தான். அவரும் விஞ்ஞானம் படித்தவர், மொழிப் பேராசிரியர்; கணிதத்தையும் பௌதிகத்தையும் துணைகொண்டு பழந்தமிழர் இசையை ஆராய்ந்து 1947இல் 'யாழ் நூல்' தந்தவர். இருவரும் சந்தித்திருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சில நேரம் யோசிப்பதுண்டு. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சீனமொழியில் ஒரு சொல்லின் பொருள் அதன் ஒலி ஏறுகிறதா இறங்குகிறதா என்பதிலும் தங்கியிருக்கிறது. 'மா' என்று சமமான உயர்ந்த குரலில் சொன்னால் தாய். கேள்வி கேட்பதுபோல் மேலே ஏற்றிச் சொன்னால் சணல். தாழ்த்திக் குழைத்துச் சொன்னால் குதிரை. வெட்டி இறக்கிச் சொன்னால் ஏசுதல். நான்கும் அவர்களுக்கு நான்கு சொற்கள். இப்போது ஒரு மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்டு என்றாலே ஒலி ஏறுவதும் இறங்குவதும்தான். சொல் ஏறும் இடத்தில் மெட்டு இறங்கினால் தாய் குதிரையாகிவிடுவாள்! கேட்பவர் முன்பின் சொற்களைக்கொண்டு ஒருவாறு ஊகித்துக்கொள்வார் என்பது உண்மைதான். எங்கள் மண்டபத்திலும் எல்லோரும் ஊகித்துத்தான் இருப்பார்கள். ஊகித்ததால்தானே சிரித்தார்கள்.

சாவ் யுவென்ரென் செய்தது இதுதான். சமமாக ஒலிக்கும் சொற்கள் எவை, அசைந்து ஒலிக்கும் சொற்கள் எவை என்று கவிதையைப் பிரித்துப் பார்த்து, அதற்கேற்ப மெட்டில் இடம் கொடுத்தார். 1928இல் வெளியிட்ட தமது பாடல் தொகுதியின் முன்னுரையில் சொல்லொலிக்கும் மெட்டுக்கும் உள்ள உறவை விளக்கியும் எழுதினார். மாமி மகள் எனக்குத் தந்த பாட்டும் அந்தத் தொகுதியில் உள்ளதே. லியூ பான்நோங் என்ற கவிஞர் 1920இல் லண்டனில் இருந்தபோது எழுதிய கவிதை அது. 1926இல் சாவ் அதற்கு இசையமைத்தார். 'அவளை நினையாமல் இருப்பது எப்படி' என்பதுபோல் அதன் தலைப்புக்குப் பொருள் சொல்லலாம். சீனப் பேச்சில் 'அவன்', 'அவள்' இரண்டுக்கும் ஒரே ஒலி. பெண்ணைக் குறிக்கும் தனி எழுத்தைப் புதிய எழுத்துநடையில் பரப்பியவரே இந்த லியூ பான்நோங்தான். அதனால் பாட்டைக் காதால் கேட்பவருக்கு அது அவனா அவளா என்று தெரியாது, தாளில் பார்த்தால்தான் தெரியும். அந்த 'அவள்' தூரத்தில் இருக்கும் தாய்நாடு என்றும் பொருள்கொள்கிறார்கள். வெளிநாட்டில் வேலைக்குப் போனவர்கள் உள்ள வீடுகளில் இதை விளக்கத் தேவையில்லை.

பாட்டின் இசையில் பியானோ ஐரோப்பாவுடையது. ஆனால் திரும்பத் திரும்ப வரும் ஓர் இசைத்துண்டு பீக்கிங் நகரத்துக் கூத்திசையில், பாட்டுக்கு இடையே வாத்தியம் வாசிக்கும் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டது. கலவை என்று நாங்கள் சொல்வது எது என்பதை இங்கேதான் விளங்கிக்கொண்டேன். வடிவம் வெளியிலிருந்து வந்தது. சொல்லின் நடையும் அந்த இசைத்துண்டும் வீட்டிலேயே இருந்தவை.

கலப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சங்கீதம் படிக்காதவர்களும் இதைப் பொறுமையாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். பழைய சீன மெட்டுகள் பெரும்பாலும் ஐந்து சுரங்களால் ஆனவை. அவற்றுள் மிகவும் பழக்கமான ஒழுங்கை எங்கள் முறையில் எழுதினால் ஸ ரி க ப த. இது எங்களுக்கு அந்நியமானதே அல்ல. கர்நாடக சங்கீதத்தில் இதுதான் மோகன ராகம். பழந்தமிழரின் முல்லைப்பண் இதுவே என்கிறார்கள் அறிஞர்கள். ஐரோப்பிய இசையோ ஒரே நேரத்தில் மூன்று சுரங்களைச் சேர்த்து ஒலிக்கச் செய்து, அந்தச் சேர்க்கைகளை அடுத்தடுத்து மாற்றிக்கொண்டு நடக்கும். அதற்கு முக்கியமான சேர்க்கைகள் மூன்று: ஸ-க-ப, ம-த-ஸ, ப-நி-ரி. இரண்டாவதில் 'ம' வந்துவிட்டது. மூன்றாவதில் 'நி' வந்துவிட்டது. மெட்டு வேண்டாம் என்று விட்ட இரண்டு சுரங்களும் பியானோ வழியாகப் பின்கதவால் உள்ளே வந்துவிடுகின்றன. குரல் சீனாவில் நிற்க, பியானோ வியன்னாவில் நிற்கும். இதை எப்படிச் சரிசெய்வது என்று இசையமைப்பாளர்கள் பல வழிகளில் முயன்றார்கள். 1934இல் ஷங்காயில் செரெப்னின் என்ற ரஷ்ய இசையமைப்பாளர், சீனச் சாயலில் பியானோ இசை எழுதும் போட்டி ஒன்றை நடத்தினார். முதற்பரிசு பெற்றவர் ஹ லூதிங் என்ற மாணவர். எருமை மேய்க்கும் சிறுவனின் புல்லாங்குழலைப் பற்றிய அந்த இசையில், கனத்த சேர்க்கைகளுக்குப் பதிலாக இரண்டு கைகளும் இரண்டு தனி மெட்டுகளை வாசிக்கின்றன, இரண்டு குழல்கள் பேசிக்கொள்வதுபோல. உன்னிச்சைக் குளக்கட்டில் மாலையில் எருமைகள் இறங்கும் நேரத்தில் இதைத் தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள். பொருத்தமாக இருக்கும்.

இத்தகைய கலப்பு எங்களிடம் நடக்கவில்லையா? சீனருக்கு நூறு வருடம் முந்தியே நடந்திருக்கிறது. சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பனியின் பாண்ட் வாத்தியம் முழங்கிய காலத்தில், முத்துசாமி தீட்சிதர் அந்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் பக்திப் பாடல்கள் எழுதினார். 'நோட்' என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து அவற்றுக்கு 'நோட்டு சுரம்' என்றே பெயர் வந்துவிட்டது. ஆங்கிலேயரின் அரசவாழ்த்து மெட்டிலும் ஒரு பாட்டு உண்டு. ராசாவை வாழ்த்திய மெட்டில் அவர் தெய்வத்தைப் பாடிவிட்டுப் போய்விட்டார்! அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியைக் காண்பது அரிது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1628இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள். பத்து வருடத்தில் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கோட்டை கைமாறியும் போர்த்துக்கேயரின் பாட்டு போகவில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களில் வயலினோடும் றபானோடும் கப்ரிஞ்ஞா பாடி ஆடும் வழக்கம் தலைமுறைகளாக இருந்துவந்தது. றபான் எங்களுக்கும் சொந்தம், அவர்களுக்கும் சொந்தம்.

இதைவிடக் கிட்டிய உதாரணம் ஒன்றைத் தினமும் காலையில் நாங்களே பாடுகிறோம். சாந்திநிகேதனில் படித்த ஆனந்த சமரக்கோன் 1940இல் சிங்களத்தில் ஆக்கிய பாட்டு எங்கள் தேசிய கீதமானது. அதே மெட்டுக்குத் தமிழ்ச் சொல் தந்தவர் பண்டிதர் மு. நல்லதம்பி. சிங்களச் சொற்களுக்காகப் பிறந்த மெட்டில் தமிழை இருத்துவது இலேசான வேலையா? ஒரேயொரு சொல்லைப் பாருங்கள். சிங்களத்தில் 'மாதா'. இரண்டு எழுத்தும் நெடில். மெட்டும் இரண்டிலும் நிற்கிறது. அந்த இடத்தில் பண்டிதர் இட்ட சொல் 'தாயே'. இதிலும் இரண்டு எழுத்தும் நெடில். பொருளும் மாறவில்லை, அளவும் மாறவில்லை. பத்து வருடமாகக் காலைக் கூட்டத்தில் பாடிக்கொண்டு நின்றும் இதை நான் கவனித்ததில்லை.

சீனருக்கு ஏற்ற இறக்கம் எப்படியோ, அப்படியே தமிழருக்குக் குறிலும் நெடிலும். கல்லைக் கொஞ்சம் நீட்டினால் கால். படம் பாடமாகும், மலை மாலையாகும், வளி வாளியாகும். திருக்குர்ஆன் ஓதப் பழகிய எங்கள் மாணவிகளுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓதுவது பாடுவது ஆகாது. இரண்டையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் நீட்டலின் மதிப்பைச் சிறுவயதிலேயே எங்களுக்குக் காட்டித் தந்தது தஜ்வீத்தான். இயல்பான மத்து இரண்டு ஹரகத்து, லாஸிமான மத்து ஆறு ஹரகத்து என்று விரல் மடக்கி எண்ணிப் படித்தோம். 'கதப' என்றால் எழுதினான். முதலெழுத்தை நீட்டி 'காதப' என்றால் ஒருவரோடு கடிதத் தொடர்பு வைத்தான் என்று வேறு வினையாகிவிடும். குர்ஆன் மத்ரஸாவில் இவ்வளவு கவனமாக இருந்த நாங்கள், தமிழில் துஆக் கேட்கும்போது ஏன் கவனமில்லாமல் போனோம்?

இத்தனைக்கும் எங்கே நீட்டலாம் என்பதற்கு உயர்தரத் தமிழ்ப் பாடத்தில் விதியே இருக்கிறது. பரீட்சைக்கு என்று மனனம் செய்துவிட்டுப் பாட்டெழுதும்போது மறந்துவிட்டோம். அளபெடையைத்தான் சொல்கிறேன். செய்யுளில் ஓசை குறைந்தால் நெடில் அளபெடுக்கும். திருக்குறளில் வரும் 'ஓஒதல்' என்ற சொல்லில் முதலெழுத்தே நீளுகிறது. அது ஏற்கனவே நெடில் என்பதால் எவ்வளவு நீட்டினாலும் வேறு சொல்லாகாது. இனி, ஓசை குறையாத இடத்திலும் இனிமைக்காகக் குறிலை நெடிலாக்கி அளபெடுப்பது இன்னிசை அளபெடை. அதற்கு எல்லோரும் எழுதும் உதாரணம் 'கெடுப்பதூஉம்'. இங்கே வள்ளுவர் எந்தக் குறிலை நீட்டினார்? 'கெ'யை அல்ல, 'டு'வையும் அல்ல. சொல்லின் கடைப்பக்கத்தில் நிற்கும் 'து'வை. அதற்குள் கேட்பவருக்குச் சொல் இன்னதென்று விளங்கிவிடும். விளங்கிய பிறகு எவ்வளவு இழுத்தாலும் பாதகமில்லை.

எங்கள் உம்மம்மா அளபெடையைப் படித்தவர் அல்லர். அவர் கவி பாடும்போது கவனித்தேன். வயலில் அருவி வெட்டிய காலத்தில் பாடிப் பழகிய கவிகள் அவை. அடியின் நடுவில் சொற்கள் பேசுவதுபோலவே மடமடவென்று ஓடுகின்றன. இழுப்பெல்லாம் அடியின் கடைசி எழுத்தில். நாகூர் ஈ. எம். ஹனிபாவின் பாட்டுகளையும் இந்தக் காதோடு திரும்பக் கேட்டேன். அத்தனை உயரத்தில் பாடியும் அவர் சொல் ஒவ்வொன்றும் காதில் துப்புரவாக விழுகிறது.

இந்த வருடப் போட்டிக்கு எங்கள் குழு மீண்டும் கூடியபோது இரண்டு கட்சியானோம். பழைய மெட்டையே வைத்துக்கொண்டு 'நேர்வழி'க்குப் பதிலாக 'நேர்பாதை' என்று போடுவோம், 'பா' நெடில்தானே என்றாள் ஒருத்தி. பண்டிதர் நல்லதம்பியின் வழி அது. கெட்டிக்காரத்தனமான யோசனைதான். ஆனால் ஐந்து வேளையும் தொழுகையில் நாங்கள் கேட்பதைத் தமிழில் நேர்வழி என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்தச் சொல்லை ஒரு சினிமா மெட்டுக்காக விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சாவ் யுவென்ரென் செய்ததுபோல் சொல்லை முதலில் வைத்து மெட்டை அதற்கு அமைப்போம் என்றேன். மூன்றுக்கு இரண்டு என்று வென்றோம். பியானோவுக்கு எங்களிடம் வழியில்லை, வாப்பாவும் சம்மதிக்கமாட்டார். றபான் போதும் என்று முடிவாயிற்று.

முதலில் எழுதியதைப் பாட்டாக்காமல் ஐந்து பேரும் மாறிமாறி வாசித்தோம். குரல் எங்கே தானாக ஏறுகிறது, எங்கே ஆறுகிறது என்று கொப்பியில் கோடு போட்டோம். பிறகு ஸ ரி க ப த என்ற ஐந்து சுரங்களுக்குள் மெட்டைத் தேடினோம். இப்போது 'நேர்' என்ற இடத்தில் மெட்டு நிற்கிறது. 'வ'வைத் தொட்டதும் தெரியாமல் கடக்கிறது. 'ழி'யில் போய் நின்று வேண்டிய மட்டும் நீளுகிறது. ழகரத்துக்கென்று தனியாக ஒரு கிழமை நாக்கை மடித்துப் பயின்றோம்.

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் உம்மம்மாவை உட்காரவைத்துப் பாடிக் காட்டினோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நேர்வழி விளங்கிற்று என்றார். அடுத்த அடியில் என்ன கேட்கிறீர்கள் என்று தனக்கு விளங்கவில்லை என்றும் சொன்னார். அந்த அடியைத்தான் இப்போது திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறோம்.